காய்ந்த மிளகாய்க்குள் பூஞ்சணம்: யாருக்காவது நடந்திருக்கா?

தொட்டிச்செடி:
கெயென், ஹாலபீனோ ரெண்டு ரக மிளகாயையும் முழுசாகவே காயப்போட்டு ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். நேற்று பொடி திரிக்க எடுத்து ஒரு ஹாலபீனோவைப் பிட்டேன். வெளியே பளபளவென்று சிவப்பு, ஒரு புள்ளி கிடையாது. உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு! பிட்ட வேகத்தில் தூள் கிளம்பி மூக்கில் ஏறியது. அந்தப் பூஞ்சண வாடை இன்னும் போகலை. கூடக் கிடந்த கெயெனையும் கொட்டணுமா?

காம்புகிள்ளி:
ஹாலபீனோ சதைப்பற்றான ரகம். முழுசாகப் போட்டால் தோல் மட்டும் காயும், உள்ளே ஈரம் நிற்கும். எனக்கும் இதேதான், ஆனால் பொடியாக்கின பிறகுதான் வாடை பிடிபட்டது, புட்டியோடு குப்பைக்குப் போச்சு. வறுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. மிளகாயில் வரும் சில பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும், சமையல் சூட்டுக்கு அது முழுசாக அழியாது.

உறைப்புப்பிரியன்:
காயவைப்பதே வெட்டி வேலை. நான் ஹபனேரோ மிளகாயைப் பச்சையாக நறுக்கி எண்ணெயில் முக்கி அலமாரியில் வைத்துவிடுவேன். காற்றே படாது, கெட வழியே இல்லை. போன தடவை மட்டும் மூடியைத் திறந்ததும் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி ஏறிக்கொண்டே இருந்தது. ஏன் என்று புரியலை. ருசியில் ஒரு குறையும் இல்லை.

நாற்றங்கால்:
அந்தப் புட்டி மிச்சமிருந்தால் நாக்கில் வைக்காமல் தூக்கிப் போடுங்க. காற்றே படாது என்கிறீங்களே, சிக்கலே அதுதான். போட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயைக் கொண்டுவரும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் வேண்டும். மிளகாயில் புளிப்பு போதாது, பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, கூடினால் புளிப்பு குறைவு) பொதுவாக 4.6-க்கு மேலேதான் இருக்கும். அந்தக் கிருமி விடும் நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது.

நான் உப்புத் தண்ணீரில் புளிக்கவைக்கிற ஆள். ஒரு தடவை இறுக்கி மூடிய புட்டியைத் திறந்தேன், விதையெல்லாம் கூரையில் ஒட்டிக்கொண்டது. அதனால் சொல்றேன்: மூடியைத் தளர்த்தியே வையுங்க, வாயு வெளியேறணும். தண்ணீரும் மிளகாயும் சேர்ந்த எடைக்கு 3 முதல் 5 சதவீதம் உப்பு. காய் தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது, மேலே கனமாக ஏதாவது வைத்து அமுக்குங்க. மெல்லிசாக வெள்ளை ஆடை படர்ந்தால் அது ஈஸ்ட், வழித்துப் போடலாம். பச்சை, கருப்பு என்று மயிர் மயிராக வந்தால் மொத்தமும் போச்சு. புளித்ததும் ஃப்ரிட்ஜ். இதுவும் வேண்டாம் என்றால் ஃப்ரீசர் இருக்கவே இருக்கு. மிளகாயை வெந்நீரில் போட்டு எடுக்கக்கூட வேண்டாம். தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. உருகினால் தொளதொளவென்று ஆகும், சமையலுக்கு அதனால் என்ன?

தொட்டிச்செடி:
நான் கேட்டது கெயெனைப் பற்றி 😀

காம்புகிள்ளி:
ஆட்டினால் விதை சலசலக்கணும், வளைத்தால் சட்டென்று முறியணும். கெயென் மெல்லிசுத் தோல், அதெல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்தத் தூள் பட்டிருக்கே, கொட்டிடுங்க. அடுத்த தடவை ஹாலபீனோவை நீளவாக்கில் ரெண்டாகக் கீறி, 55–60 டிகிரி செல்சியஸில் உலர்த்தும் பெட்டியில் வையுங்க.

உறைப்புப்பிரியன்:
குமிழி வந்த புட்டி எப்பவோ தீர்ந்துபோச்சு, எனக்கு ஒன்றும் ஆகலை. சரி, அடுத்ததை ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், போதுமா?

நாற்றங்கால்:
ஃப்ரிட்ஜிலும் 4 நாள்தான். அதற்கு மேல் வேண்டுமானால் எண்ணெயோடு ஃப்ரீசருக்கு மாற்றுங்க.