நான்கு தூக்குச்சட்டிகள்

குழு: பாட்டி வீடு
2025 டிசம்பர் 6, சனிக்கிழமை

பெரியப்பா, காலை 6.40
அனைவருக்கும் காலை வணக்கம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்தொன்பது நாட்களே இருக்கின்றன. எங்கள் அம்மா, பிள்ளைகளின் பாட்டி, ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ் என்பதால், வாசலில் நட்சத்திரம் கட்டுவதா, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பதா என்பதை இன்றைக்குள் முடிவு செய்துவிட வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் முதல் பண்டிகைக்குப் பலகாரம் சுடுவதில்லை. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்து தருவதே முறை. குரல் பதிவு அனுப்பாமல், குழு தொடங்கிய நாளில் ஒப்புக்கொண்டபடி, முழு வாக்கியங்களில் பிழையின்றி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அத்தை, காலை 6.52
முழு வாக்கியத்திலேயே சொல்கிறேன் அண்ணன்: எனக்குச் சம்மதம்.

சித்தப்பா (மஸ்கட்), காலை 7.45
எனக்குச் சம்மதம் இல்லை. 22-ஆம் தேதி இரவு திருவனந்தபுரத்தில் இறங்கி, விடிவதற்குள் நாகர்கோவில் வந்து சேருவதே அந்த முந்திரிக்கொத்துக்காகத்தான். என் அறையில் இருக்கிற கொல்லத்துக்காரர் அது அவர்கள் ஊர்ப் பலகாரம் என்று ஆண்டுதோறும் வாதாடுகிறார். அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்ததும் வாதத்தை நிறுத்திவிட்டு இரண்டாவதை எடுப்பார்.

ஷீபா அக்கா (சென்னை), காலை 7.59
இப்போது இணையத்திலேயே முந்திரிக்கொத்து விற்கிறார்கள். நான் இரண்டு கிலோ வரவழைத்துவிடட்டுமா?

அத்தை, காலை 8.01
விற்பார்கள். உள்ளே முந்திரிப்பருப்பை வைத்தும் விற்பார்கள்.

பெரியப்பா, காலை 8.14
ஷீபாவின் தலைமுறைக்காக ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்புக்கு இடமே இல்லை. நம் பக்கத்தில் அந்தப் பருப்பை அண்டிப்பருப்பு என்றுதான் சொல்லி வந்தோம். இங்கே முந்திரி என்பது கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மூன்று பயறு உருண்டைகளை ஒன்றாகச் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் இடும்போது அவை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துப்போல் வருவதால் அந்தப் பெயர். பெயரைச் சரியாக அறியாமல் பலகாரத்தை வரவழைப்பது முறையன்று.

ஷீபா அக்கா (சென்னை), காலை 8.15
சரி, அப்பா.

அம்மா, காலை 8.31
அத்தான் சொல்வதை நான் மறுத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர் 20-ஆம் தேதி, தீபாவளியன்று, பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்த தூக்குச்சட்டிகள் நான்கு, கழுவித் துடைத்துக் கவிழ்த்தபடியே நம் அலமாரியில் இருக்கின்றன. துக்க வீடு என்று தெரிந்தும், அதனாலேயே, வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பெரிய சட்டியின் அடியில் அதைக் கொடுத்த வீட்டாரின் திருமண நாள் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. மாமி இருந்தபோது கண்ணாடி போடாமல் விரலால் தடவிப் பார்த்தே யார் வீட்டுச் சட்டி என்று சொல்லிவிடுவார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு பாத்திரம்கூட இங்கிருந்து வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. இந்த நான்கையும் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது மட்டும்தான் என் கேள்வி.

சித்தப்பா (மஸ்கட்), காலை 8.33
மைனி கேட்டது நல்ல கேள்வி.

அத்தை, காலை 8.40
தீபாவளிச் சட்டி இன்னும் திரும்பிப் போகவில்லையா மைனி? அம்மா இருந்திருந்தால் கார்த்திகைக்குள் போயிருக்கும்.

அம்மா, காலை 8.41
அம்மா இருந்திருந்தால் நான்கு கைகள் இருந்திருக்கும், மெர்சி.

பெரியப்பா, காலை 9.05
இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கியபோதும், 1819-இல் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும், வேதத்துக்கு வந்த நம் முன்னோர் தங்கள் துக்க வழக்கங்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரவில்லை. சமையலையும் முறைகளையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். ஆகையால் எண்ணெய்ச் சட்டி வைக்காமலிருப்பது வேதத்தில் சொல்லப்பட்டதன்று என்று நம் சபையில் இளைஞர் சிலர் பேசுவது உண்மையாயினும், அது இறந்தவருக்கு நாம் காட்டும் மரியாதை என்பதும் உண்மையே.

அத்தை, காலை 9.07
ரிங்கல்தௌபே வந்துவிட்டார். இனி மதியச் சாப்பாடு தாமதமாகும்.

சித்தப்பா (மஸ்கட்), காலை 9.10
அப்பா இறந்த ஆண்டும் வீட்டில் முந்திரிக்கொத்து சுட்டார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பெரியப்பா, காலை 9.12
சுடவில்லை.

அத்தை, காலை 9.13
நீ சாப்பிட்டது என் புகுந்த வீட்டிலிருந்து வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு டின்களைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதை யாரும் நினைவில் வைக்கவில்லை என்பது இன்றுதான் தெரிகிறது.

அம்மா, காலை 9.20
எனக்கு நினைவிருக்கிறது, மெர்சி. எனக்கு இந்த வீட்டில் அதுதான் முதல் கிறிஸ்துமஸ். அந்த ஆண்டு மாமி எதுவும் சுடவில்லை. ஆனால் தீபாவளிப் பாத்திரங்களைத் தோட்டத்து மட்டி வாழைப்பழத்தால் நிரப்பி, மேலே ஒரு கருப்பட்டி வைத்து, என் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

பெரியப்பா, காலை 9.24
முடிவு கிடைத்துவிட்டது. மட்டிப்பழம் வழக்கத்துக்கும் மாறானதன்று. நம் மாவட்டத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற பழமும்கூட. நான்கு சட்டிகளுக்கும் பழம் வைத்துக் கொடுத்துவிடலாம்.

சித்தப்பா (மஸ்கட்), காலை 9.26
மட்டிப்பழத்தை மஸ்கட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. கொல்லத்துக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஷீபா அக்கா (சென்னை), காலை 9.31
தோட்டத்தை விற்ற பிறகு மட்டிப்பழத்துக்கு எங்கே போவது என்றும் முடிவு செய்துவிட்டீர்களா, அப்பா?

(இதற்குப் பிறகு நாற்பது நிமிடங்கள் யாரும் எதுவும் எழுதவில்லை.)

அம்மா, காலை 10.12
தோட்டத்துப் பேச்சு இப்போது வேண்டாம், ஷீபா. நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்றே இரண்டு கிலோ சிறுபயறு வாங்கிக் கழுவி வடித்துவிட்டேன். இன்று காலையிலிருந்து மொட்டைமாடியில் மாமியின் பழைய வேட்டித் துணியில் காய்கிறது. நட்சத்திரம் வேண்டாம், அச்சுமுறுக்கு வேண்டாம், கேக்கும் வேண்டாம். அந்த நான்கு சட்டிகளுக்கும், மஸ்கட்டுக்கு ஒரு டப்பாவுக்கும் மட்டும் முந்திரிக்கொத்து சுடலாம் என்று நினைக்கிறேன்.

(படம்: வெள்ளைத் துணியில் பரப்பிய பச்சைப் பயறு, ஓரத்தில் காற்றுக்காக வைத்த நான்கு கற்கள்.)

அத்தை, காலை 10.15
கேட்பதற்கு முன்பே பயறு காயத் தொடங்கிவிட்டது. இதுதான் எங்கள் மைனி.

பெரியப்பா, காலை 10.22
நம் வீட்டு அடுப்பில் வைக்காமல் மெர்சியின் வீட்டில் வைத்துச் சுட்டால் வழக்கமும் மீறப்படாது, சட்டிகளும் நிரம்பும். மார்த்தாண்டம் துக்க வீடு அன்று.

அத்தை, காலை 10.23
எனக்கும் அவர் அம்மாதான் அண்ணன்.

பெரியப்பா, காலை 10.30
நான் அந்தப் பொருளில் எழுதவில்லை. வருந்துகிறேன்.

நான், காலை 10.34
பாட்டியின் அளவு யாருக்காவது தெரியுமா? அம்மா கையளவு என்று மட்டும்தான் சொல்கிறார்கள். இந்த முறையாவது எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அத்தை, காலை 10.41
ஒரு கிலோ பயறுக்கு முக்கால் கிலோ கருப்பட்டி, ஒரு தேங்காய், நூறு கிராம் எள், கொஞ்சம் ஏலமும் சுக்கும்.

அம்மா, காலை 10.55
கருப்பட்டி பாதி, வெல்லம் பாதி. முழுவதும் கருப்பட்டி போட்டால் மாவு கறுத்துவிடும் என்பார்கள். பயறைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். பல்லில் ஒட்டாமல் நொறுங்கினால் இறக்கலாம். ரவையைவிடச் சற்று நைசாகத் திரிக்க வேண்டும், மாவாகிவிடக் கூடாது. பாகு கம்பிப் பதத்தைத் தாண்டினால் உருண்டை கல்லாகிவிடும், குறைந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவும் மஞ்சளும் உப்பும். பொரிப்பது தேங்காய் எண்ணெயில்தான். இவை எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்துவிடுவேன். ஆனால் பாகு சேர்த்த மாவைச் சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். உள்ளங்கை சிவக்கச் சிவக்க மாமியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்துதான் உருட்டுவோம். இரண்டு கிலோவுக்கு எனக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். 20-ஆம் தேதி சனிக்கிழமை யார் வர முடியும்?

ஷீபா அக்கா (சென்னை), காலை 11.02
எனக்கு 23-ஆம் தேதிக்குத்தான் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், சித்தி. அறுபது நாட்களுக்கு முன்னரே, அக்டோபர் 24 அன்று காலை எட்டு மணிக்கே கைப்பேசியோடு உட்கார்ந்தும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறேன்.

சித்தப்பா (மஸ்கட்), காலை 11.04
நான் 22. முன்பே சொல்லிவிட்டேன். 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைக்க முடியுமா, மைனி? நானும் உருட்டுகிறேன்.

அத்தை, காலை 11.05
நீ உருட்டியதைத்தான் எண்பத்தொன்பதில் அப்பா கிரிக்கெட் பந்து என்று தோட்டத்தில் எறிந்தார்.

சித்தப்பா (மஸ்கட்), காலை 11.06
அது பாகின் குற்றம்.

பெரியப்பா, காலை 11.20
20-ஆம் தேதி மாலை எங்கள் தெருவுக்குக் கேரல் குழு வருகிறது. பாட்டுக் குழுவினருக்குக் காப்பி கொடுக்கும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. காலையில் வேண்டுமானால் வந்து உட்காரலாம். வழக்கத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. உருட்டுவது வேறு, சுடுவது வேறு.

அம்மா, காலை 11.22
உருட்ட வாருங்கள், அத்தான். சுடும்போது முன்னறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அத்தை, பகல் 12.10
ஜெபக்கூட்டம் முடிந்த அன்று நான் அம்மாவின் வெண்கல அச்சை எடுத்துச் சென்றதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது பத்திரமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் தடவி வைக்கிறேன், இல்லாவிட்டால் மாவு அச்சை விட்டுப் பிரியாது. 20-ஆம் தேதி வந்தால் எடுத்து வரட்டுமா? அச்சுமுறுக்கு வேண்டாம் என்று மைனி எழுதியதைப் படித்தேன். இருந்தாலும் கேட்கிறேன்.

நான், பகல் 12.12
அத்தை, அப்படியானால் 20-ஆம் தேதி வருகிறீர்களா?

அத்தை, பகல் 12.20
அச்சைப் பற்றி முதலில் சொல்லட்டும்.

பெரியப்பா, பகல் 12.31
25-ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும் நாம் அனைவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வது பற்றியும், அன்று காலை ஆப்பத்துக்கு வறுத்தரைத்த கோழிக்குழம்பு வைப்பதா ஆட்டிறைச்சி வைப்பதா என்பது பற்றியும் தனியாக ஒரு செய்தி எழுதுகிறேன்.

(அம்மா எழுதிக்கொண்டிருக்கிறார்… என்று இரண்டு முறை தெரிந்து மறைந்தது.)

அப்பா, பகல் 12.48
மழை தூறத் தொடங்கிவிட்டது. பயறை உள்ளே எடுத்துவிட்டேன்.