புதுப்பிப்பு: முதல் கியரில் கார் குலுங்காமல் கிளம்புகிறது

முதல் கியரில் கிளம்பும்போது கார் குலுங்கி ஆஃப் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் வைத்துப் பழகச் சொன்ன யோசனைதான். கிளட்சை மெதுவாக விடும்போது ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, வண்டி லேசாக அதிரும். காலை அங்கேயே நிறுத்த வேண்டும். வண்டி நன்றாக உருளத் தொடங்கிய பிறகுதான் மிச்சத்தை விடலாம். குலுக்கல் பெரும்பாலும் அந்த மிச்சத்தைச் சட்டென்று விடுவதால்தான் வருகிறது.

எதிர்பாராத உதவி சீட்டிலிருந்து வந்தது. கொஞ்சம் முன்னால் இழுத்ததும் கால் எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது!

ஏற்றத்தில் மட்டும் இது போதாது. அப்போது ஹேண்ட்பிரேக் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்சை அந்த அதிரும் இடம் வரை விட்டதும் ஹேண்ட்பிரேக்கை விடுவிக்கிறேன்.