மறு: ‘த்ரூ டிக்கெட்’டுக்குத் தமிழ் – ‘வழிப்பிணை’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ரயில் பயணத்துக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘த்ரூ டிக்கெட்’ மட்டும் இன்னும் கரையேறவில்லை. பல வண்டி மாறிப் போகும் முழுப் பயணத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் அடக்கும் சீட்டு அது. இதுவரை வந்த நான்கு பரிந்துரைகளும் எனக்கு நிறைவு தரவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

> நேர்ச்சீட்டு என்றால் எல்லோருக்கும் எளிதாகப் புரியும்.

எளிதாகத்தான் புரியும், ஆனால் தவறாகப் புரியும். ‘நேர்’ என்றதும் வண்டி மாறாமல் போவது என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். லண்டனிலிருந்து பார்சலோனாவுக்கு ரயிலில் போகிறவர் பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு நகரைக் கடந்து, கார் து லியோன் நிலையத்தில் அடுத்த வண்டியைப் பிடிக்கிறார். அதில் நேர் எங்கே இருக்கிறது?

ஊடுசீட்டு ஆங்கிலச் சொல்லின் நிழல். தொடர்சீட்டு மாதாந்தர சீசன் டிக்கெட்டை நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் விட்டுவிடலாம்.

> ஒற்றைச்சீட்டு: வண்டிகள் பல, சீட்டு ஒன்று.

பொருளுக்கு மிக அருகில் வருவது இதுதான். பயணியை ஏமாற்றக்கூடியதும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதி, அதாவது 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள 2021/782, இதற்கு வரையறை தருகிறது. ஒரே போக்குவரத்து ஒப்பந்தத்தைக் காட்டும் ‘சீட்டு அல்லது சீட்டுகள்’ என்பது அதன் சாரம். சீட்டு மூன்றாக இருந்தாலும் ஒப்பந்தம் ஒன்றாக இருந்தால் அது த்ரூ டிக்கெட்தான். ஒப்பந்தம் இரண்டு என்றால், ஒரே தடவையில் பணம் கட்டி ஒரே மின்னஞ்சலில் வந்திருந்தாலும் அது த்ரூ டிக்கெட் ஆகிவிடாது. எண்ண வேண்டியது தாள்களை அல்ல, ஒப்பந்தங்களை.

என் அக்கா ஆம்ஸ்டர்டாமிலிருந்து மிலான் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இணையதளத்தில் முழுப் பயணத்துக்கும் ஒரே தொகையாகக் கட்டினார். முதல் ரயில் தாமதமானதால் இணைப்பு ரயில் கைநழுவிப் போனது. அடுத்த ரயிலில் ஏறப் போனால், ‘உங்கள் சீட்டு அந்த வண்டிக்கு மட்டுமே செல்லும்’ என்றார்கள். மலிவுக் கட்டணச் சீட்டுகளுக்கு அதுதான் நிபந்தனை. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘தனித்தனி ஒப்பந்தங்கள்’ என்று இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். அன்றைய விலைக்குப் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார். அந்தப் பொடி எழுத்தைத் தமிழில் எப்படிச் சொல்லியிருந்தால் வாங்கும் முன்பே அவர் கண்ணில் உறைத்திருக்கும்? மூன்று நாளாக நான் யோசிப்பது இதைத்தான்.

பணக்கணக்கும் இங்கேதான் பிரிகிறது. முதல் ரயில் 40 நிமிடம் தாமதம், அதனால் இணைப்பு தவறி ஊர் போய்ச் சேர 3 மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஒன்றானால் தாமதம் கடைசி ஊரில் அளக்கப்படும். 60 நிமிடத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்தைத் தொட்டால் 50 சதவீதம். விதிவிலக்கான சூழல்கள் நீங்கலாக, பாதிப் பணம் திரும்பி வரும். அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பும் கடமையும் ரயில் நிறுவனத்துடையது. ஒப்பந்தம் இரண்டானால் முதல் ரயிலின் கணக்கு வெறும் 40 நிமிடம், அதற்கு இந்த விதிப்படி ஈடு எதுவும் இல்லை. இரண்டாவது ரயிலோ நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது, அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ரயில் நிறுவனமே ஒரே பரிவர்த்தனையில் விற்றால், தனித்தனி ஒப்பந்தம் என்று முன்கூட்டியே சொல்லிச் சீட்டிலும் குறிக்காதவரை, பொறுப்பு அதனுடையது. இடைவிற்பனையாளர் தாமாகச் சேர்த்து விற்று அதைச் சொல்லாமல் விட்டால், இணைப்பு தவறியவருக்கு முழுத் தொகையையும் திருப்பித் தந்து, அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். விதி இவ்வளவு கண்டிப்பாக இருக்கும்போது நம் சொல் மழுப்பலாக இருக்கக் கூடாது.

ஆகவே பெயரைத் தாளுக்கு வைக்காமல் அதன் பின்னால் உள்ள வாக்குறுதிக்கு வைப்போம் என்கிறேன். என் பரிந்துரை வழிப்பிணை. வழித்துணை, வழிச்செலவு, வழிப்போக்கர் என்று நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் குடும்பத்தில் இது இயல்பாக வந்து உட்காரும். பிணை என்பதில் இரண்டு பொருள் உண்டு: ஒன்றோடொன்று கட்டுவது, ஒருவருக்காகப் பொறுப்பேற்பது. வண்டிகளைக் கட்டுவதும் பயணிக்குப் பொறுப்பேற்பதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. த்ரூ டிக்கெட் ‘வழிப்பிணைச் சீட்டு’ ஆகும், அப்படி இல்லாதவை ‘தனிச்சீட்டுகள்’. பயணி கேட்க வேண்டிய கேள்வியும் தானாக அமைகிறது: ‘இந்த மூன்று சீட்டுக்கும் வழிப்பிணை உண்டா?’

முதலில் ‘பிணைச்சீட்டு’ என்றே எழுதிப் பார்த்தேன். ஒற்று இல்லாமல் ‘பிணைசீட்டு’ என்று வினைத்தொகையாக்கினால் கட்டும் பொருள் முன்னே வரும், ஒற்று மிகுந்தால் பொறுப்பேற்கும் பொருள் முன்னே வரும் என்பது அழகுதான். ஆனால் ஓர் ஒற்றெழுத்தை நம்பிப் பயணியைப் பிளாட்பாரத்தில் நிறுத்த முடியாது. தவிர, இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் ‘பிணை’ என்றால் நீதிமன்றப் பிணை. பாரிஸிலும் லண்டனிலும் ஜூரிச்சிலும் இந்த ரயில்களில் ஏறும் தமிழரில் பெரும்பகுதியினர் அந்த இதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள். ‘பிணைச்சீட்டு’ அவர்களுக்கு நீதிமன்ற வாசலை நினைவூட்டக்கூடும். ‘வழி’ முன்னால் நின்றால் அந்த மயக்கம் தீரும் என்று நம்புகிறேன். சங்கப் பாடல்களில் பிணை பெண்மானாயிற்றே என்று யாராவது எழுதுவீர்கள். அந்த மானால் இங்கே குழப்பம் வராது.

பட்டியலில் சேர்க்க வேண்டிய இன்னொன்று: சீட்டும் இருக்கை முன்பதிவும் வேறு வேறு. ஜெர்மனியில் பெரும்பாலான பகல் ரயில்களில் முன்பதிவு விருப்பம் சார்ந்தது, பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவியில் கட்டாயம். இரண்டையும் ‘புக்கிங்’ என்ற ஒரே சொல்லில் அடைத்திருக்கும் பதிவைத் திருத்த வேண்டும்.

ஈழத்து நண்பர்கள் ‘வழிப்பிணை’யை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது என்றால் இந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.