புதுப்பிப்பு: ரேஸிங் சிம்ல (வீட்ல பெடல் வச்சு கார் ஓட்டுற சிமுலேட்டர்) கிளட்ச் விட்டாலே இன்ஜின் ஆஃப் ஆகுதுன்னு கேட்டிருந்தேன்ல

போன மாசம் போட்ட கேள்விதான், ரோட்டுல பல வருஷமா மேனுவல் கார் ஓட்டுற எனக்கு சிம் ஸ்டார்ட்ல மட்டும் ஏன் இப்படின்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, இப்போ விஷயம் பிடிபட்டுருச்சு.

முதல் காரணம் ஸ்பிரிங். நிஜ கார்ல கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டுல இருக்கறது தட்டு மாதிரியான டயாஃப்ரம் ஸ்பிரிங், பெடலை பாதிக்கு மேல அமுக்குனா கனம் ஏறாது, கொஞ்சம் குறையவே செய்யும், திரும்ப விடும்போது அந்த மாற்றம், வண்டில வர்ற சின்ன நடுக்கம், இன்ஜின் சத்தம் இறங்குறது எல்லாம் சேர்ந்துதான் கிளட்ச் பிடிக்கிற இடத்தை காலுக்கு சொல்லுது. என் சிம் பெடல்ல சாதா காயில் ஸ்பிரிங், அமுக்க அமுக்க கனம் ஏறிட்டே போகும், காலுக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

இன்னொன்னு, இப்போ வர்ற கார்ல ஐடில்ல ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) விழுந்தா இசியு, அதாவது இன்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், தாங்கிப் பிடிக்கும், அதான் டிராஃபிக்ல ஆக்ஸிலரேட்டர் தொடாமலே ஃபர்ஸ்ட்ல ஊர்ந்து போறோம். சிம்ல ஓட்டுற ரேஸ் கார்ல ஃப்ளைவீல் (இன்ஜினோட சுத்துற கனமான சக்கரம்) லேசு, ஆர்பிஎம் பொசுக்குன்னு விழுந்துரும்.

நான் செஞ்சது, காலிபரேஷன்ல மேலயும் கீழயும் 15 சதவீதம் டெட்சோன் (பெடல் நகர்ந்தாலும் சிம் கண்டுக்காத பகுதி) வச்சேன், குதிகாலை தரையில ஊன்னி, 3000 ஆர்பிஎம்மை நிலையா வச்சுட்டு, பிடிக்கிற இடத்துல ஒரு நொடி நிறுத்தி அப்புறம் விடுறேன். நேத்து 20 ஸ்டார்ட், ரெண்டு தடவைதான் ஆஃப் ஆச்சு, அவ்ளோ சந்தோஷம்! ஹீல் அண்ட் டோ (வலது கால் ஒண்ணாலேயே பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து அமுக்குறது) இன்னும் வரல, அடுத்து அதுதான்.