‘ஒளிவட்டு இயக்ககப் பதிலி’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கேம் கன்சோல்களில் வட்டைப் படிக்கும் லேசர் இயக்ககம் பழுதடைந்தால் அதற்கு மாற்றாக, நினைவட்டையிலிருந்து விளையாட்டைப் படித்துக் கொடுக்கும் மின்சுற்றுப் பலகையை இப்போது பலர் பொருத்துகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஆப்டிகல் டிரைவ் எமுலேட்டர்’ எனப்படும் இக்கருவிக்கு நம் கலைச்சொல் குழுவில் ‘திண்மநிலை இயக்ககம்’, ‘இயக்ககப் போலி’, ‘இயக்ககப் பின்பற்றி’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்லுமுன் கருவியின் வேலையைப் பார்ப்போம்.

சேகா சாட்டர்ன், சோனி பிளேஸ்டேஷன் இரண்டும் 1994இல் வந்தவை. டிரீம்காஸ்ட் 1998இல் வந்தது. இவற்றின் லேசர் டையோடு காலப்போக்கில் ஒளி குன்றுகிறது. வில்லைத் தொகுதி நகரும் பிளாஸ்டிக் பாகங்கள் தேய்கின்றன. தொடக்ககால பிளேஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியவர்கள் இந்தத் தேய்மானத்தை நன்கு அறிவார்கள். ஆனால் கன்சோலின் மையச் செயலி வட்டை ஒருபோதும் நேரடியாகப் பார்ப்பதில்லை; “இன்ன இடத்திலிருந்து இத்தனை செக்டார்களை (தரவுத் துண்டுகளை)க் கொடு” என்று இயக்ககத்திடம் கேட்கிறது, விடை வந்தால் மேலே செல்கிறது. டிரீம்காஸ்ட்டில் இயக்ககம் இருந்த அதே இணைப்பியில் அமரும் ஜிடிஈமு என்ற பலகை, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் இயக்ககம் தரும் விடைகளையே தருகிறது. மூடி திறந்திருக்கிறதா என்று கேட்டாலும், வட்டின் பொருளடக்கத்தைக் கேட்டாலும், இசைத்தடத்தை ஒலிக்கச் சொன்னாலும் அது உரியபடி நடந்துகொள்ள வேண்டும். பழைய இயக்ககத்தின் மந்தவேகத்தை நம்பி எழுதப்பட்ட சில விளையாட்டுகளுக்காகத் தாமதத்தைக்கூட வேண்டுமென்றே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ‘திண்மநிலை’ (நகரும் பாகம் இல்லாதது) என்பது இக்கருவியின் இலக்கணமாகாது. டெராஆனியன் நிறுவனத்தின் ‘மோட்’ பலகையில் நினைவட்டைக்குப் பதிலாகச் சுழலும் வன்தட்டையும் இணைக்கலாம். அப்போதும் அது செய்யும் வேலை மாறுவதில்லை. மேலும், கணினிகளில் உள்ள எஸ்எஸ்டியைத் திண்மநிலை இயக்ககம் என்றே வழங்குகிறோம். ஒரே சொல்லை இரண்டு கருவிகளுக்கு வைப்பது பின்னால் குழப்பத்தையே தரும்.

‘போலி’ என்ற சொல்லை நான் இன்னும் உறுதியாக மறுக்கிறேன். ஜிடிஈமுவைப் பார்த்துச் செய்த நகல் பலகைகள் சந்தையில் ஏராளமாக விற்கின்றன. போலி என்ற சொல் அவற்றுக்கே தேவைப்படுகிறது. மூலக் கருவியையே போலி என்றுவிட்டால், நகலை ‘போலிப் போலி’ என்றா எழுதுவது? ‘பின்பற்றி’ தமிழில் வினையெச்சமாகவே காதில் விழுகிறது. “இயக்ககப் பின்பற்றி பொருத்தப்பட்டது” என்று படிப்பவர் எதைப் பின்பற்றி என்று தேடி நின்றுவிடுவார்.

நான் முன்வைப்பது ‘பதிலி’. ஒன்றன் இடத்தில் நின்று அதன் கடமையைச் செய்வது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. தரக்குறைவு என்ற சாயல் இல்லை. சாட்டர்னுக்கான ‘சேட்டியேட்டர்’ என்ற பதிலி, கன்சோலின் பின்புற வீடியோ சிடி அட்டைச் செருகிடத்தில் பொருந்துகிறது. பழைய இயக்ககத்தைக் கழற்றவே வேண்டியதில்லை. ‘மாற்று இயக்ககம்’ என்றால் இது விடுபட்டுப்போகும். பதிலி என்றால் அடங்கும்.

முன்னொட்டாக ‘ஒளிவட்டு’ இருப்பதே நல்லது. தமிழ்நாட்டில் குறுவட்டு என்றும் இலங்கையில் இறுவட்டு என்றும் வழங்குவது சிடியை மட்டுமே. டிரீம்காஸ்ட்டின் ஏறத்தாழ 1 ஜிகாபைட் கொள்ளும் ஜிடி-ராம் வட்டும், நிண்டெண்டோ கேம்கியூபின் 8 செ.மீ. வட்டும் சிடி அல்ல. பழைய கணினிகளின் பிளாப்பி இயக்ககத்துக்கும் இத்தகைய பலகைகள் உள்ளதால், ‘நெகிழ்வட்டு இயக்ககப் பதிலி’ என்று அதே அச்சில் இன்னொரு சொல்லும் கிடைத்துவிடுகிறது. ‘வட்டியக்ககம்’ என்று புணர்த்தி எழுத வேண்டாம். கண்ணில் முதலில் கடன் வட்டியே படும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: “ஒளிவட்டு இயக்ககப் பதிலி – கன்சோல் அனுப்பும் கட்டளைகளுக்கு ஒளிவட்டு இயக்ககம் தரும் விடைகளையே, வேறொரு சேமிப்பகத்தில் உள்ள வட்டுப் படிமத்திலிருந்து தரும் கருவி.” இதில், வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே நகலெடுத்த கோப்பைக் (டிஸ்க் இமேஜ்) குறிக்கும் ‘படிமம்’ என்பதற்கு ‘பிம்பம்’ பொருந்துமா என்று மருத்துவப் படிமவியல் சொற்களைத் தொகுத்த நண்பர்கள் சொன்னால் நன்று.