மூன்று வயதுப் பையனுக்கு வலியே தெரியவில்லை, யாரிடம் காட்டுவது?

உசிலை_தாய்மாமன்:
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. பல் முளைத்ததிலிருந்தே நாக்கையும் உதட்டையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறான், ரத்தம் ஒழுகினாலும் அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பான். தடுப்பூசி போட்டபோது ஒரு தடவைகூட அழுததில்லை, தைரியசாலி என்று கொஞ்சினார்கள். போன மாதம் கொதிக்கிற இட்லிச் சட்டியில் கையை வைத்துவிட்டு எடுக்காமல் நின்றிருக்கிறான். தோல் கொப்பளித்ததைத் தங்கச்சி பார்த்த பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது. காட்டிய டாக்டர் புண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். சாமி கொடுத்த வரம் என்கிறார் அப்பத்தா. தங்கச்சியைக் கட்டியிருப்பது எங்கள் அத்தை மகன், அதையும் சொல்லிவிடுகிறேன். இது நோயா? குணமாகுமா? மதுரையில் யாரிடம் போவது?

மரபணு_மாணவி:
அண்ணே, வரம் இல்லை இது, பிறவியிலேயே வலி உணர்வு இல்லாத நிலையாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. 2006-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மரபியல் மருத்துவர் ஜெஃப் உட்ஸ் குழுவினர் பாகிஸ்தானின் வடபகுதிக் குடும்பங்களைப் பரிசோதித்துக் கண்டுபிடித்தது முக்கியமானது. அவர்களை அந்த ஆராய்ச்சிக்கு இழுத்தது அங்கே தெருவில் வித்தை காட்டிய ஒரு பையனின் கதை. கையில் கத்தியைச் செருகுவான், தணல்மேல் நடப்பான். அவர்கள் அவனை நேரில் பார்ப்பதற்கு முன்பே, பதினான்கு வயதுகூட நிறையாமல், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். பிறகு அந்தப் பகுதிக் குடும்பங்களில் வலி தெரியாத ஆறு பிள்ளைகளைப் பார்த்தார்கள், ஆறு பேருக்கும் உதட்டிலோ நாக்கிலோ கடித்த காயம் இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குத் தொடுவது தெரியும், சூடு குளிர் தெரியும், கிச்சுக்கிச்சு மூட்டினாலும் தெரியும். வலி மட்டும் இல்லை. எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வருகிற இரண்டு பிரதியும் பழுது. வலி நரம்பில் சோடியம் நுழைகிற நேவ் 1.7 என்ற வாசலைச் செய்வது அந்த மரபணுதான். அது வேலை செய்யாவிட்டால் அடிபட்ட இடத்துச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. இவர்களுக்கு வாசனையும் தெரியாது என்று 2011-இல் தெரியவந்தது. மல்லிகையை முகர்ந்தால் பையன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள்.

மேலூர்_பிசியோ:
நல்ல விளக்கம். ஆனால் அவசரமாகக் கேட்க வேண்டியது வேறொன்று: பையனுக்கு வியர்க்கிறதா? காரணமே தெரியாமல் காய்ச்சல் வருமா?

உசிலை_தாய்மாமன்:
சார், சித்திரை வெயிலில் வீடே வியர்வையில் நனைந்து கிடந்தாலும் அவன் உடம்பு மட்டும் காய்ந்தே இருக்கும். கோடையில் அடிக்கடி காய்ச்சல், ஒரு தடவை வலிப்பும் வந்தது. வைரஸ் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். பூ வாசனை தெரிகிறது, பிடுங்கி முகர்கிறான்.

மேலூர்_பிசியோ:
அப்படியென்றால் இது வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். என்டிஆர்கே1 என்ற மரபணு, 1996-இலேயே கண்டுபிடித்தார்கள். அதில் வலி நரம்பும் வியர்வைச் சுரப்பிக்குப் போகிற நரம்பும் கருவிலேயே வளராமல் போய்விடும். சூடும் சரியாகத் தெரியாது. நம் ஊர் வெயிலில் இவர்களுக்குப் புண்ணைவிடப் பெரிய ஆபத்து உடம்புச் சூடுதான். உச்சி வெயிலில் வெளியே விடாதீர்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், சட்டையை நனைத்துப் போடுங்கள், தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காய்ச்சல் ஏறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். முதலில் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டி, மரபணுப் பரிசோதனைக்கு எழுதித் தரச்சொல்லுங்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் மரபணு மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

வேலூர் என்றதும் டாக்டர் பால் பிராண்ட் (Paul Brand) நினைவு வருகிறது. தொழுநோயாளிகளின் விரல் குறைவது நோய் தின்பதால் அல்ல, உணர்வு போனதால் படுகிற காயங்களால்தான் என்று அங்கே வேலை பார்த்து நிறுவியவர். தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் தெரியாது என்பதால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு அமெரிக்காவில் கையுறையில் அபாய மணி வைத்து வலிக்கு மாற்றுச் செய்யப் பார்த்தார், சரிவரவில்லை. மணி அடித்தாலும் செய்கிற வேலையை நிறுத்தத் தோன்றாது. அதனால் வலி செய்கிற வேலையைக் கூட இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். உள்ளங்கால், முழங்கை, வாய், கண், தினமும் ராத்திரி பாருங்கள். மூட்டு வீங்கினால் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு முறிந்திருந்தாலும் நடந்துகொண்டேதான் இருப்பான்.

தேனி_அம்மா:
தம்பி, என் மகளுக்கு இதே குறைதான், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பல் டாக்டர் பல்லின் கூரான ஓரத்தைத் தேய்த்துவிட்டார், நாக்குக் கடி நன்றாகக் குறைந்தது. கண்ணை விட்டுவிடாதீர்கள். தூசி விழுந்தாலும் உறுத்தாது, தேய்த்துத் தேய்த்துக் கருவிழி புண்ணாகிவிடும், அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவையுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடப் பழக்குங்கள், போடுவதற்கு முன் உள்ளே கை விட்டுப் பாருங்கள். பள்ளியில் டீச்சரிடம் எழுதிக் கொடுங்கள், அழாததால் அடிபடவில்லை என்று நினைத்துவிடுவார்கள். உங்கள் தங்கச்சியை யாரும் குறை சொல்ல விடாதீர்கள். சொந்தத்தில் கட்டியதற்கு என்னை எவ்வளவோ பேசினார்கள், அதைக் கேட்டு அழுத நேரத்தில் பிள்ளையைப் பார்த்திருக்கலாம்.

மரபணு_மாணவி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அப்பா அம்மா இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இது வர 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கிற வாய்ப்புக் கூடும், வெளியில் கட்டினாலும் வரலாம். எந்த மரபணு என்று உறுதியானால் அடுத்த குழந்தைக்குக் கருவிலேயே பார்க்க முடியும். அதனால் தங்கச்சி அடுத்தது யோசிப்பதற்குள் பரிசோதனை முடிந்துவிட வேண்டும்.

குணமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இல்லை. 2015-இல் லண்டனில் நேவ் 1.7 இல்லாத 39 வயதுப் பெண் ஒருவருக்கு நலாக்சோன் என்ற மருந்து கொடுத்தபோது வாழ்க்கையில் முதன்முறையாக வலி தெரிந்தது. உடம்பே சுரக்கிற வலிநிவாரணியைத் தடுக்கிற மருந்து அது. ஆனால் என்டிஆர்கே1 வகையில் நரம்பே வளராததால் அந்த வழி உதவாது. அதனால்தான் எந்த வகை என்று தெரிவது முக்கியம். திங்கட்கிழமையே கிளம்புங்கள் அண்ணே, தடுப்பூசி அட்டையும் பழைய காய்ச்சல் சீட்டுகளும் எல்லாம் எடுத்துப் போங்கள்.