ஆறு என்ற எண் மட்டும் ஏன் தனியாக நிற்கிறது?

கடலோடி: இந்தோனேசியாவின் அலோர்-பண்டார் மொழிகளின் மூதாதையில், அதாவது அவை எல்லாம் பிரிந்துவந்த மூல மொழியில், ஐந்துக்கு மேல் எண்ணே கிடையாது, எல்லாம் "ஐந்தும் ஒன்றும், ஐந்தும் இரண்டும்" தான் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. திமோருக்கு வடக்கே அந்த இரண்டு தீவுகளிலும் சுமார் 20 பாப்புவா மொழிகள் பேசுகிறார்கள். ஆறு என்பது அங்கே அபுய் மொழியில் தலாமா, அடாங் மொழியில் தலங், கமாங் மொழியில் தாமா. தலாமாவின் நடு லகரத்தை விட்டுவிட்டு வாயால் சொல்லிப் பாருங்கள், தாமா வருகிறதா? இவற்றை ஒப்பிட்டு மீட்டெடுத்த மூதாதை வடிவம் *தலம் (உடுக்குறி, ஊகித்துக் கட்டிய வடிவம் என்பதற்கு). இதில் ஐந்து எங்கே ஒளிந்திருக்கிறது?

எண்மணி: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். அபுயில் யெதிங் ஐந்து, அயோகு இரண்டு. ஏழு என்ன? யெதிங் அயோகு. எட்டு யெதிங் சுவா, ஒன்பது யெதிங் புதி. இது ஐந்தை அடியாகக் கொண்ட எண்முறை இல்லாமல் வேறென்ன?

கடலோடி: ஏழை நான் கேட்கவில்லை. ஆறைக் கேட்டேன்.

எண்மணி: மேற்குப் பண்டார் மொழியில் ஆறு ஹிஸ்னாக்குங். உங்கள் தலம் அங்கே எங்கே போனது?

கடலோடி: ஒரு வீட்டில் பழைய பாத்திரத்தை மாற்றிவிட்டார்கள் என்பதற்காக ஊரிலேயே அது இருந்ததில்லை என்பீர்களா? நீங்கள் எழுதியது "எண்ணே கிடையாது". *தலம் எண்ணா இல்லையா?

மலைச்சாரல்: இரண்டு பேரும் திமோரை மறந்துவிட்டீர்கள். கிழக்குத் திமோரின் ஃபதலுக்கு மொழியும் இதே குடும்பம்தான். அதில் ஐந்து லிமெ, ஆறு நெமெ, ஏழு ஃபிது. மூன்றும் ஆஸ்திரோனேசிய மொழிகளிடம் (மலாய் சேர்ந்த பெருங்குடும்பம்) வாங்கியவை. அந்தக் கிளையை விட்டுவிட்டு மூதாதை என்று பேசுவது அரைகுறை வேலை.

கடலோடி: நான் சொன்னது அலோர்-பண்டார் மூதாதை. 2012இல் ஹோல்டன், கிளாமர், கிராதொச்வில், ராபின்சன், ஷாப்பர் என்ற மொழியியலாளர்கள் ஐவரும் ஒலிமாற்றங்களை ஒப்பிட்டுக் கட்டியது அதைத்தான். படித்துவிட்டு வாருங்கள்.

மலைச்சாரல்: படித்தவர் நீங்கள் ஒருவர்தானோ? போன மாதமும் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் எடுத்தீர்கள்.

புதுவரவு: அலோர் எங்கே, பாப்புவா எங்கே? அப்புறம் ஏன் பாப்புவா மொழி என்கிறீர்கள்?

மலைச்சாரல்: அந்த வட்டாரத்தில் ஆஸ்திரோனேசியம் அல்லாத மொழிகளுக்கு வைத்த பொதுப்பெயர் அது. ஒரே குடும்பம் என்று பொருள் இல்லை.

எண்மணி: மூவிடப்பெயர்களை வைத்து மொழியியலாளர் ராஸ் 2005இல் இவற்றை டிரான்ஸ்-நியூகினி என்ற பெருங்குடும்பத்தில் சேர்த்தாரே!

மலைச்சாரல்: "நான்", "நீ" இரண்டையும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடுவதா? ஒலி விதி எங்கே?

கடலோடி: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஆறு இன்னும் தீரவில்லை. ஐந்தும் ஒன்றும் சேர்ந்துதான் ஆறு என்றால் அபுயில் யெதிங் நுகு என்றல்லவா இருக்க வேண்டும்? எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்?

எண்மணி: ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் என் பக்கம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சொல்.

கடலோடி: அந்த ஒரு சொல்லைத்தான் நீங்கள் இல்லை என்றீர்கள்.